பிள்ளையை எண்ணாத வறுமைக் கணக்கு: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு வீடாகப் போய் விவரம் சேகரிக்கும் இளம் பட்டதாரிகளுக்குக் கொழும்பில் பயிற்சி கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. வகுப்பில் அவர்கள் கேட்பது, கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்துத் தோட்டங்களில் தாய்மார் கேட்பது, முன்பள்ளி ஆசிரியைகள் கேட்பது எல்லாம் இங்கே கலந்திருக்கின்றன. தோட்டம் என்று எழுதியிருப்பதெல்லாம் கொழும்புத் தோட்டம்தான், அதாவது ஒரு ஒழுங்கைக்குள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகள். தேயிலைத் தோட்டத்தைச் சொல்லும் இடத்தில் மலையகம் என்று எழுதியிருக்கிறேன்.

குடும்பம் ஏழை என்றால் பிள்ளையும் ஏழைதானே? தனியாக எதற்கு அளக்க வேண்டும்?

வழக்கமான வறுமைக் கணக்கு குடும்பத்தின் மாதச் செலவைக் கூட்டி ஆள் கணக்கில் வகுக்கிறது. 2019இல் இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக் கோடு ஆளுக்கு மாதம் 6,966 ரூபாய். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஏறக்குறைய 35,000 ரூபாய் செலவானால் அந்த ஐந்து பேரும் கோட்டுக்கு மேலே. கைக்குழந்தையும் மேலே.

ஆனால் அந்தப் பணம் வீட்டுக்குள் எப்படிப் பிரிகிறது என்று கணக்குக்குத் தெரியாது. ஒரு மத்தியான வேளை மட்டக்குளியில் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒரு முட்டை பொரித்து நாலாக வெட்டியிருந்தது. வேலைக்குப் போகும் மகனுக்கு இரண்டு துண்டு, பரீட்சை எழுதப்போகும் மகளுக்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சோறும் பருப்புத் தண்ணியும். தாயிடம் கேட்டால் “அது சின்னதுதானே, அதுக்குப் போதும்” என்றார். அதில் கொடுமை எதுவும் இல்லை, உழைக்கிறவர் விழுந்தால் வீடே விழும் என்கிற நியாயமான கணக்கு அது. ஆனாலும் புரதம் மிகவும் தேவைப்படும் வயதில் அந்தப் பிள்ளைக்குத்தான் அது கிடைக்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவுக் கணக்கெடுப்பில் பணத்தை வைத்து அளந்தபோது நாட்டில் 14.3 சதவீதம் பேர் ஏழைகள். அதே கணக்கெடுப்பை வைத்துத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் சிறுவர்களுக்கான பல்பரிமாண வறுமைச் சுட்டி ஒன்றைக் கணித்தது. வீட்டு நிலைமையோடு பிள்ளையின் போஷாக்கையும் ஆரம்பப் பருவ வளர்ச்சி வாய்ப்பையும் சேர்த்துப் பார்த்ததில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 10 பேரில் 4 பேருக்கு மேல் வறுமையில் இருந்தார்கள். வீடுகள் மாறவில்லை, கேட்ட கேள்விதான் மாறியது.

பிள்ளைகளின் வறுமையை உலக அளவில் முதலில் எண்ணியது யார்?

அங்கங்கே நாடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. வளரும் நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலை வைத்து எண்ணிய பெரிய முயற்சி, யுனிசெஃப் கேட்டுக்கொண்டதன் பேரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து 2003இல் வெளியிட்டது. வறுமை ஆய்வில் முன்னோடியான பீட்டர் டவுன்சென்டும் அந்தக் குழுவில் இருந்தார். அவர்கள் பணத்தைக் கேட்கவே இல்லை. ஒரு அறையில் ஐந்து பேருக்கு மேல் படுக்கிறார்களா, பள்ளி வயதுப் பிள்ளை ஒரு நாளாவது பள்ளிக்குப் போயிருக்கிறதா, குடிக்கும் தண்ணீர் ஆற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ வருகிறதா என்று பிள்ளைக்குக் கிடைத்ததையும் கிடைக்காததையும் பார்த்தார்கள். 100 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு அடிப்படைத் தேவையாவது கடுமையாக மறுக்கப்பட்டிருந்தது.

அந்த எண்ணை யுனிசெஃப் தன் 2005ஆம் ஆண்டு அறிக்கையின் நடுவில் வைத்தது. அடுத்து 2006 கடைசியில் ஐ.நா. பொதுச்சபை, பிள்ளைகளின் வறுமை பெரியவர்களின் வறுமையிலிருந்து வேறு என்று தீர்மானத்தில் எழுதியது. 2000இல் வகுத்த மிலேனிய அபிவிருத்தி இலக்குகளின் வறுமைக் குறிக்கோளில் பிள்ளைகள் என்ற சொல்லே கிடையாது. 2015இல் ஏற்றுக்கொண்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளின் 1.2ஆவது குறிக்கோளில் ஆண்கள், பெண்கள், எல்லா வயதுப் பிள்ளைகள் என்று மூவரும் பெயர் சொல்லி வருகிறார்கள். அந்த வரி ஒன்றுதான் ஆதாயமா என்று கேட்காதீர்கள். அதனால்தான் தேசியப் புள்ளிவிபர அலுவலகங்கள் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று.

ஒரே பிள்ளையைப் பல வருடம் பின்தொடர்ந்து போகிற ஆய்வுகள் எதற்கு? ஒரு தரம் கேட்டால் போதாதா?

ஒரு தரம் கேட்டால் யார் ஏழை என்று தெரியும். ஏழையாக இருந்ததால் பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாது.

இந்த வகையில் நான் வகுப்பில் எப்போதும் சொல்வது மூன்று. கௌதமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் பிள்ளைகளுக்கு ஒரு பானம் கொடுத்தார்கள். இரண்டு கிராமங்களில் புரதம் நிறைந்த கூழ், மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானம். இரண்டு வயதுக்குள் கூழ் குடித்த ஆண் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது அவர்களுடைய மணித்தியாலச் சம்பளம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 46 சதவீதம் அதிகம். பெண்களுக்கு அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. பெண்களின் உழைப்புச் சந்தை அப்படி.

இரண்டாவது ஜமேக்காவின் கிங்ஸ்டனில் நடந்தது. சாலி கிராந்தம்-மெக்ரெகர் தலைமையில் வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை 1980களில் சேர்த்தார்கள். சிலருக்குப் போஷாக்கு உணவு. சிலருடைய வீட்டுக்குச் சுகாதார உதவியாளர் கிழமைக்கு ஒரு தடவை வந்து, வீட்டில் செய்த விளையாட்டுப் பொருட்களை வைத்துத் தாய்க்குப் பிள்ளையோடு விளையாடச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு வருடம் இது நடந்தது. 20 வருடம் கழித்துப் பார்த்தால், விளையாட்டுப் பயிற்சி கிடைத்தவர்களின் வருமானம் 25 சதவீதம் அதிகம். உணவு மட்டும் கிடைத்தவர்களுக்கு அப்படி நீடித்த பலன் இல்லை. சோறு போட்டால் போதும் என்று நினைத்திருந்த பலருக்கு இது அடி.

மூன்றாவது ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் நடத்தும் ‘யங் லைவ்ஸ்’. எதியோப்பியா, பெரு, வியட்நாம், இந்தியாவின் ஆந்திரா, தெலங்கானா பகுதிகளில் ஏறக்குறைய 12,000 பிள்ளைகளை 2002 முதல் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். இலங்கை இதில் இல்லை.

அந்த ஆய்வுகளால் உண்மையில் எந்தச் சட்டம், எந்தத் திட்டம் மாறியது?

நேர்க்கோடாக இந்த ஆய்வு, அந்தச் சட்டம் என்று காட்டுவது கஷ்டம். அப்படிக் காட்டுகிற நன்கொடை நிறுவனத் துண்டுப்பிரசுரங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனாலும் தடயம் தெரியும் இடங்கள் உண்டு.

கௌதமாலா போன்ற ஆய்வுகளின் மேல்தான் ‘முதல் 1,000 நாட்கள்’ என்று இன்று பல நாட்டுப் போஷாக்குத் திட்டங்களிலும் வருகிற கணக்கு நிற்கிறது. கருவில் தரித்த நாள் முதல் இரண்டாவது பிறந்தநாள் வரை. ஜமேக்கா முறையை வைத்துப் பல நாடுகளில் வீட்டு வருகைத் திட்டங்கள் வந்தன.

யங் லைவ்ஸில் பிள்ளைகளிடமே பள்ளியில் எது பிடிக்கவில்லை என்று கேட்டார்கள். கட்டடம், தூரம், கழிவறை என்றுதான் பெரியவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். பிள்ளைகள் முதலில் சொன்னது அடி, ஏச்சு, கேலி. ஆசிரியரிடமிருந்தும் சக மாணவரிடமிருந்தும். யுனிசெஃப் அதை எடுத்துப் பள்ளி வன்முறைக்கு எதிரான வேலையில் பயன்படுத்தியது. ‘ஒரு தட்டுத் தட்டினால்தான் படிக்கும்’ என்று இங்கேயும் சொல்கிற பெற்றோரிடம் நான் இந்தத் தகவலைத்தான் வைப்பேன். சிலர் யோசிப்பார்கள், சிலர் சிரிப்பார்கள்.

ஆய்வு ஒரு திட்டத்தையே காப்பாற்றிய கதை மெக்சிக்கோவுடையது. 1997இல் ‘புரோகிரேசா’ என்ற திட்டம் தொடங்கியது. பிள்ளை பள்ளிக்கும் கிளினிக்குக்கும் போனால் தாய் கையில் காசு, மேல் வகுப்பில் பெண் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாக. அதை வடிவமைத்த பொருளியலாளர் சான்டியாகோ லெவிக்கு அரசியல் நன்றாகத் தெரியும். ஆட்சி மாறினால் பழைய அரசின் திட்டத்தை மூடிப் புதிதாக ஒன்று திறப்பது அங்கே வழக்கம் (எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை). அதனால் தொடக்கத்திலேயே 506 கிராமங்களில், குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு முந்தியும் மற்றவற்றுக்குப் பிந்தியும் கொடுத்து, வெளி ஆய்வாளர்களை வைத்து மதிப்பிட்டார்கள். 2000இல் 70 வருடம் ஆண்ட கட்சி தோற்றது. புதிய அரசு பெயரைத்தான் மாற்றியது, திட்டத்தை நகரங்களுக்கும் விரித்தது. பல நாடுகள் பார்த்துப் பின்பற்றின. 2019இல் வேறொரு அரசு அதையும் நிறுத்திவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆதாரத்துக்கும் ஆயுள் உண்டு.

சர்வதேச நாணய நிதியம் போன்ற இடங்களுக்கு இந்த ஆய்வுகள் போய்ச் சேருகின்றனவா?

இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்வேன், ஏனென்றால் இதில் இலங்கையே சாட்சி.

1979இல் இலங்கை அரிசிப் பங்கீட்டையும் மானியத்தையும் எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தது. முத்திரையில் அச்சிட்டிருந்த ரூபாய் அப்படியே இருக்க, விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போனது. சில வருடங்களில் அதே முத்திரைக்குப் பாதி அரிசிகூட வரவில்லை. அடிமட்டக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தான் முதலில் வயிறு ஒட்டியது. 1987இல் யுனிசெஃப், ஜியோவானி கோர்னியா, ரிச்சர்ட் ஜோலி, பிரான்செஸ் ஸ்டூவர்ட் ஆகிய மூவரின் ஆய்வை வெளியிட்டது. கடன் நெருக்கடியில் நாடுகள் செலவைக் குறைக்கும்போது பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று பத்து நாடுகளை எடுத்துப் பார்த்தார்கள், அதில் இலங்கையும் ஒன்று. நாணய நிதியம் கேட்கிற இந்தச் செலவுச் சீரமைப்பே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பாதிக்கப்படுகிற பிள்ளையின் எடையையும் வரவுசெலவுக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள் என்றார்கள்.

இனி 2022 பொருளாதார நெருக்கடிக்கு வாருங்கள். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அந்தக் காலத்தில் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அரசு கொடுக்கும் திரிபோஷ சத்துமா கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. மார்ச் 2023இல் நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது, சமூகப் பாதுகாப்புச் செலவு ஒரு அளவுக்குக் கீழே போகக்கூடாது என்று நிபந்தனைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. 1980களில் இப்படி ஒரு வரி வந்திருக்காது. பல பேரின் பல வருட வாதத்தின் பலன் அது. போதுமா என்றால் போதாது. ‘ஏழைகளுக்குக் குறைந்தது இவ்வளவு’ என்று அந்த வரி சொல்கிறது, ‘பிள்ளைக்கு இவ்வளவு’ என்று சொல்லவில்லை.

இலங்கையைத்தான் நல்ல உதாரணமாகக் காட்டுவார்கள் என்று படித்தோமே?

ஆம், அதுவும் உண்மை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வீட்டுக்கு வரும் மருத்துவிச்சி, 1945 முதல் இலவசக் கல்வி எல்லாம் சேர்ந்து, குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் பெற்ற இடங்கள் என்று 1985இல் ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை ஆய்வு காட்டிய நான்கில் இலங்கையும் ஒன்று. மற்றவை சீனா, கொஸ்டாரிக்கா, கேரளா. அமர்த்தியா சென்னும் இலங்கையைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியிருக்கிறார்.

என் குறை என்னவென்றால், அந்தப் பெயரிலேயே நாங்கள் குந்திவிட்டோம். 2016இல் நடந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். மலையகத்தில் அது ஏறக்குறைய 32 சதவீதம். உலகத்துக்குக் காட்டிய சராசரிக்குப் பின்னால் இரண்டு இலங்கை இருந்தது.

கொழும்பு மாவட்டத்தில் வறுமை 2.3 சதவீதம்தானாமே? அப்புறம் இங்கே எதற்கு ஆய்வு?

2019 கணக்கில் சரிதான். முல்லைத்தீவில் 44.5, கொழும்பில் 2.3. ஆனால் கொழும்பு மாவட்டத்தின் சனத்தொகையைப் பாருங்கள், 2.3 சதவீதம் என்றாலே 50,000 பேரைத் தாண்டும். அதோடு கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறவர்கள் பெருந்தொகை. 2022இல் முதலில் விழுந்தவர்கள் அவர்கள்தான்: மூட்டை தூக்கும் நாட்டாமை, ஆட்டோ, வீட்டு வேலை, கூலிக்குத் தையல்.

கொழும்பின் பிள்ளை வறுமை பணக் கோட்டில் தெரியாத சில விஷயங்களில் இருக்கிறது. இலவசக் கல்வி என்போம், ஆனால் அது முன்பள்ளிக்குப் பொருந்தாது. முன்பள்ளிகளில் பெரும்பாலானவை தனியார் அல்லது மத நிறுவனங்கள் நடத்துபவை, மாதக் கட்டணம் உண்டு. நாட்சம்பளக் குடும்பம் கட்டணம் கட்ட முடியாத மாதத்தில் பிள்ளையை வீட்டில் நிறுத்துகிறது, பிறகு வெட்கத்தில் திருப்பி அனுப்புவதில்லை. ஐந்து வயதில் தரம் 1க்குச் சேர்க்கப் போனால் வதிவிடத்துக்கு அத்தாட்சி வேண்டும்: வீட்டு உறுதிப்பத்திரம், வாக்காளர் பதிவு, பெயரில் வரும் பில். ஒரே மின் மீட்டரில் மூன்று குடும்பம் இருக்கிற தோட்டத்தில் பில் யார் பெயரில் வரும்? நல்ல பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருக்கும், பிள்ளை பஸ் ஏறி வேறு எங்கோ போகும்.

அஸ்வெசும பிள்ளையைப் பார்க்கிறதா?

2023இல் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கொடுத்துவந்த சமுர்த்தி உதவித்தொகைக்குப் பதிலாக வந்த அஸ்வெசும, கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவில் 22 அளவுகோல்களை வைத்துக் குடும்பங்களைத் தரம் பிரிக்கிறது. வருமானத்தை மட்டும் பார்க்காதது நல்ல மாற்றம், பல்பரிமாண ஆய்வுகளின் வாசனை அதில் உண்டு. ஆனால் எண்ணும் அலகு குடும்பம்தான். உலகத்தில் வேறு வழியும் நடந்திருக்கிறது. தென்னாபிரிக்கா 1998இல் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 100 ரான்ட் என்று தொடங்கி, ஆய்வுகள் பலன் காட்டக் காட்ட வயதெல்லையைப் படிப்படியாக 18 வரை உயர்த்தியது. காசு பிள்ளையின் பெயரில், வளர்க்கிறவர் கையில்.

காசு கொடுத்தால் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டாமா?

பயிற்சி வகுப்பில் பாதிப் பேர் போட வேண்டும் என்பார்கள். மெக்சிக்கோ போட்டது, தென்னாபிரிக்கா பெரும்பாலும் போடவில்லை, இரண்டிலும் பலன் கண்டார்கள். நிபந்தனையைச் சரிபார்க்க ஆள் வேண்டும், படிவம் வேண்டும், தாய் இன்னொரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டும். கொழும்பில் பிள்ளை பள்ளிக்குப் போகாததற்குத் தாய்க்கு ஆர்வமில்லாதது காரணமாக இருந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். சப்பாத்து, பஸ் காசு, தங்கச்சியைப் பார்க்க ஆளில்லை, இவைதான் காரணம். எனவே வேண்டாம் என்பது என் பக்கம்.

வெளிநாட்டில் பலித்தது இங்கே பலிக்குமா?

அப்படியே பலிக்காது. கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்பூச்சி மருந்து கொடுத்து நடத்திய ஆய்வு 2004இல் வெளிவந்து, உலகம் முழுவதும் அந்தத் திட்டத்துக்கு உந்துதல் கொடுத்தது. அதைச் செய்த இருவரில் மைக்கேல் கிரேமர் 2019இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் 2015இல் அந்தத் தரவை வேறு ஆட்கள் திரும்பக் கணக்குப் பார்த்தபோது பெரிய சண்டையே நடந்தது. பூச்சித் தொற்று அதிகமுள்ள இடத்தில் கிடைத்த முடிவு குறைந்த இடத்துக்குப் பொருந்துமா என்பது இன்னும் தீராத வாதம். ஜமேக்கா ஆய்விலும் மொத்தமே 129 பிள்ளைகள்.

நான் பார்ப்பது எண்ணை அல்ல, அது வேலை செய்யும் வழியை. ஜமேக்காவில் வேலை செய்தது என்ன? தாய் நம்பும் ஒருவர் கிழமைதோறும் வீட்டுக்கு வருவது. எங்களிடம் மருத்துவிச்சி ஏற்கெனவே வருகிறார். அவருக்கு இன்னும் எத்தனை வீடு கொடுக்கலாம், விளையாட்டுக்கு அரை மணித்தியாலம் மிஞ்சுமா, தமிழ் வீட்டுக்குத் தமிழ் பேசும் ஆள் கிடைப்பாரா? இங்கே கேட்க வேண்டியவை இவை.

கொள்கை வகுப்பவர்கள் உண்மையில் அறிக்கையைப் படிக்கிறார்களா?

200 பக்க அறிக்கையை யாரும் படிப்பதில்லை. வரவுசெலவுத் திட்டம் தயாராகும் மாதங்களில், அமைச்சில் ஒரு அதிகாரிக்கு ‘ஐயா, நம்முடைய திணைக்களத்தின் கணக்கே இதைச் சொல்கிறது’ என்று மேலே சொல்ல ஒரு பக்கம் வேண்டும். அது கையில் இருந்தால் ஆய்வு நகரும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் எண்ணைவிடத் தொகைமதிப்புத் திணைக்களத்தின் எண்ணுக்கு இங்கே பத்து மடங்கு பலம், அதை மறுக்க அரசுக்கே வழியில்லை. அதனால்தான் சிறுவர் வறுமைச் சுட்டியை அரச திணைக்களமே கணித்ததை நான் பெரிய விஷயமாகச் சொல்கிறேன்.

2015இல் வைத்த குறிக்கோளின்படி பிள்ளைகளின் வறுமை 2030க்குள் பாதியாகக் குறையுமா?

இப்போதைய வேகத்தில் இல்லை. 2022இல் ஒரு நாளைக்கு 2.15 டொலருக்குக் குறைவாக வாழ்ந்த பிள்ளைகள் 33.3 கோடி என்று யுனிசெஃபும் உலக வங்கியும் கணக்கிட்டன, ஆறில் ஒரு பிள்ளை. 2025இல் உலக வங்கி அந்தக் கோட்டையே 3 டொலராக உயர்த்தியது. பழைய அறிக்கையோடு புதியதை ஒப்பிடும்போது எந்தக் கோடு என்று முதலில் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்து எல்லாம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு என்ன கிடைக்கும்?

உங்கள் வீட்டுக்கு நேரடியாக எதுவும் கிடைக்காது. கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படிச் சொல்லி விவரம் வாங்குவது எங்கள் தொழிலில் குற்றம். உதவிக்கு விண்ணப்பிப்பது பிரதேச செயலகத்தில், கணக்கெடுப்பு வேறு. இரண்டையும் குழப்பினால் மக்கள் சாப்பாட்டைக் குறைத்தும் கடனைக் கூட்டியும் சொல்வார்கள், கணக்கே கெட்டுவிடும்.

வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். தமிழ் வினாக்கொத்துக் கேளுங்கள், சிங்களத்தில் இருப்பதை அவர் வாசலில் நின்று மொழிபெயர்க்க விடாதீர்கள். எங்களுடையதைப் போன்ற ஆய்வுகளில் பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளையிடம் பேச வேண்டும் என்றால் உங்கள் கண்ணெதிரே பேசட்டும். பிள்ளையின் கிளினிக் அட்டை வீட்டில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். ஞாபகத்தில் சொல்லும் எடையைவிட மருத்துவிச்சி எழுதிவைத்த எடையைத்தான் நாங்கள் பதிவோம்.